ஏழாவது கூரை

மிஷ்கோல்ட்ஸில் கடைசி டிராம் பணிமனைக்குள் நுழைய
பன்னிரண்டு இருபது ஆகும்.
கம்பிகளைச் சோதித்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு
ஹீட்டரோரம் மடிக்கணினியைத் திறந்தால்
ஆடு நின்றுகொண்டிருக்கிறது,
முதல் கூரையின் விளிம்பில்,
வாயில் யாருடையதோ ஒரு காலுறை.

இரண்டாயிரத்து நான்கில் அதைச் செய்தவர்கள்
அக்காளும் தங்கையும்.
ஒருத்தி நிரல் எழுதினாள், ஒருத்தி வரைந்தாள்.
பத்துக் கூரைகள், கொடியில் துணிகள்,
தின்னத் தின்ன மதிப்பெண்.
அவ்வளவுதான் விளையாட்டு.
அதற்காகப் பள்ளிக் கணினி அறையில்
ஒரு நாற்காலிக்கு நான்கு பேர் அடித்துக்கொண்டோம்.

பிறகொரு ஜனவரியில்
உலாவிகள் அந்தச் செருகியைக் கைகழுவின.
ஆடு மேய்ந்த இடத்தில் சாம்பல்நிறச் சதுரம்.
கோப்பு சாகவில்லை;
அதைப் படிக்கத் தெரிந்தது செத்திருந்தது.

எமுலேட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
ஆள்மாறாட்டம்.
இல்லாதவரின் கையெழுத்தை
அவர் கை நடுங்கும் இடத்தில் நடுங்கிப் போடுவது.
நாங்கள் பதினொரு பேர். நேரில் பார்த்துக்கொண்டதில்லை.
ஒலி, போர்ட்டோ அலெக்ரியில் வால்டெமிருடைய பொறுப்பு.
எழுத்துருக்களை தார்த்துவில் ஒரு பல்மருத்துவர்
நோயாளிகளுக்கு நடுவே கவனிக்கிறார்.
எனக்கு நேரம்:
நொடிக்கு இருபத்துநான்கு கட்டங்கள்,
ஒன்று கூடினாலும் ஆட்டுக்கு மூச்சிரைக்கும்.

கண் விழித்ததும் ஆடு கேட்கும் முதல் கேள்வி:
நான் என் வீட்டில்தான் இருக்கிறேனா?
திருட்டுக்குப் பயந்து அக்காள் போட்ட பூட்டு.
அந்த முகவரியில் இன்று
ஜன்னல் திரைச்சீலை விற்கிறார்கள்.
ஆமாம், வீட்டில்தான் என்கிறோம்.
நம்பிவிடுகிறது. குதிக்கிறது.

மார்ச்சில் ஒரு புகார்.
சோல்னோக்கிலிருந்து கிங்கா என்றொருத்தி:
'ஏழாவது கூரையில் புகைபோக்கிக்குள் ஆடு விழவில்லை.
இது அந்த விளையாட்டு இல்லை.'

எனக்கும் நினைவு வந்தது.
புகைபோக்கியின் இடது மூலையில் சரியாகக் குதித்தால்
கூரை பிளக்காமலே ஆடு உள்ளே போகும்.
மூன்று நொடி வெறும் வெள்ளை.
அப்புறம் ஒன்பதாவது கூரையில் வந்து நிற்கும்,
ஒன்றும் நடக்காததுபோல.
எட்டாவது கூரையை எங்கள் வகுப்பில்
யாருமே பார்த்ததில்லை.

மூன்று இரவு தேடினேன்.
ஒரு புள்ளியை இருபது துண்டாக அரிந்து
கணக்கு வைத்த பழைய இயந்திரம்
கடைசித் துண்டை எப்போதும் கீழே தள்ளியிருக்கிறது.
நாங்கள் சரியாகக் கூட்டியிருந்தோம்.
அதுதான் பிழை.
தப்பாகக் கூட்டக் கற்றுக்கொடுத்து
அந்த வரிக்கு மேலே எழுதி வைத்தேன்:
யாரும் திருத்த வேண்டாம்.

விழுந்தது.
வெள்ளை எங்கே முடிகிறது என்று பார்க்க
காட்சிச் சட்டத்தை நான்கு பக்கமும் இழுத்தேன்.
மேடைக்கு வெளியே,
எந்தத் திரையும் காட்டாத இடத்தில்,
ஒருத்தி.
பல்லிடுக்கில் கிளிப்பைக் கடித்தபடி
கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள்.
காலுறை, மேசைவிரிப்பு, கோடு போட்ட பைஜாமா.
ஆடு தின்றதெல்லாம் வரிசை மாறாமல்.
எத்தனை முறை விழுந்திருப்போம்
அவள் முழங்கையை உரசியபடி.

அக்காளுக்கு எழுதினேன். இப்போது கிரேன் ஓட்டுகிறாள்.
இரண்டு வாரம் கழித்துப் பதில்:
'பிரோஷ்கா வரைந்தது. கணினி திணறியது.
வெளியே நகர்த்தி வைத்தேன்.
அழிக்கச் சோம்பல்.'
தங்கையைப் பற்றி வேறொன்றும் இல்லை.
நானும் கேட்கவில்லை.

கிங்காவிடம் விழுகிறதென்று மட்டும் சொன்னேன்.
சட்டத்தைப் பழைய அளவுக்கே சுருக்கினேன்,
ஐந்நூற்றைம்பதுக்கு நானூறு.
நாலு பத்துக்கு முதல் டிராம்.
மணலை நிரப்ப வேண்டும், தண்டவாளத்தில் பனி.
வெளியே அவள்
பைஜாமாவின் இரண்டாவது காலை
இன்னும் உதறிக்கொண்டிருப்பாள்.